மட்டிப்பழமும் மிக்ஸி ஜாரும்

மூத்தவளுக்கு ஆறு மாதம் நிறைந்தது 2017 நவம்பர் கடைசி வாரத்தில். பிள்ளைக்கு முதல் உணவு கொடுக்கப் போகிறோம் என்று ஒரு மாதம் முன்பிருந்தே எனக்குப் பரபரப்பு. மூடி போட்ட ஐஸ் ட்ரே இரண்டு, நுனி மெத்தென்றிருக்கும் சிலிக்கான் கரண்டி மூன்று, தேதி எழுதி ஒட்ட வெள்ளை டேப் ஒரு சுருள் என்று வாங்கிக் குவித்திருந்தேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிப் பட்டியல் போட்டதில்லை.

மாமி, அதாவது என் மாமியார், ஒருநாள் அந்தச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "ஏன் மக்களே, பிள்ளைக்குப் பழம் குடுக்கதுக்கு இம்புட்டும் வேணுமா? ஒரு மட்டிப்பழத்த உரிச்சா போதுமே" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டு ஆப்பிள் வாங்கப் போனேன்.

மட்டி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களின் செல்லப் பழம் அது. விரலைவிடக் கொஞ்சம் பருமனான குட்டி வாழை. ஒரு சீப்பு வீட்டில் இருந்தால் வாசலிலேயே மணம் பிடிக்கும். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவது பெரும்பாலும் அதைத்தான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மட்டி கேட்டால், விற்கிறவரே நன்றாகப் பழுத்த சீப்பாகப் பார்த்து எடுத்துத் தருவார். அப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, எங்கிருந்தோ வந்த ஆப்பிளில்தான் நான் தொடங்கினேன்.

ஆப்பிளில் தப்பில்லை, நான் செய்த விதத்தில்தான் தப்பு. தோல் சீவி, நடுத்தண்டையும் விதையையும் வெட்டி எடுத்து, துண்டுகளை இட்லித் தட்டில் நேரடியாகப் பரப்பி ஆவியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் வெந்தது. ஆனால் சாறு முழுக்கத் தட்டின் ஓட்டை வழியாக ஒழுகி அடியிலிருந்த தண்ணீரில் கலந்துவிட்டது. துண்டுகளை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை இட்லிச் சட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் சாறு கிண்ணத்திலேயே நிற்கும். மசிக்கும்போது தனியாகத் தண்ணீர் சேர்க்கவும் வேண்டாம்.

அடுத்தது மிக்ஸி. இந்த மிக்ஸி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என் கஷ்டம் முழுக்க அங்கேதான் தொடங்கியது. ஆறு மாதப் பிள்ளை முதல் வாரம் சாப்பிடுவது இரண்டு மூன்று தேக்கரண்டி. அதற்குக் கால் ஆப்பிள் போதும். கால் ஆப்பிளை ஜாரில் போட்டால் பிளேடுக்கு எட்டாது. சுவரில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் மறுபடி ஒட்டும். சரி என்று தண்ணீர் ஊற்றினால் சுழலும், ஆனால் கூழ் ரசமாகிவிடும். ஜார் ஒழுங்காக ஓடவேண்டுமென்றால் மூன்று ஆப்பிளாவது வேண்டும். மூன்று ஆப்பிள் அரைத்தால் ஐஸ் ட்ரே வேண்டும். ஐஸ் ட்ரே என்றால் தேதி, டேப், உருக்குவது, சூடாக்குவது, மிச்சம். பிள்ளைக்கு வேண்டியது மூன்று கரண்டி. மிக்ஸிக்கு வேண்டியது முக்கால் கிலோ. யாருக்காகச் சமைக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

போதாததற்கு அது வீட்டின் சட்னி ஜார். நன்றாகத்தான் கழுவியிருந்தேன். முதல் கரண்டியை மகள் வாயில் வைத்ததும் அவள் முகம் போன போக்கு! புதுச் சுவை, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டாவது கரண்டியையும் வைத்தேன். அழுதாள். பிறகுதான் நான் ருசி பார்த்தேன். ஆப்பிளுக்கு அடியில் பூண்டும் வற்றல் மிளகாயும்! மூடியிலிருந்த ரப்பர் வாஷரைக் கழற்றிப் பார்த்தால், முந்தின நாள் துவையல் அதற்குள் சிவப்பாக ஒரு வரி ஓடியிருந்தது. மிக்ஸியில்தான் அரைப்பேன் என்பவர்களுக்கு இது ஒன்றே ஒன்று: பிள்ளைக்கென்று தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வாஷரைக் கழற்றித் தனியாகக் கழுவி, வெந்நீர் ஊற்றி, மோந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் சுத்தமான ஜாரில் அரைத்ததைக் கொடுத்தபோது பாதியை நாக்கால் வெளியே தள்ளினாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். பால் மட்டும் குடித்துப் பழகிய நாக்குக்கு வாயில் வரும் எதையும் முன்னால் தள்ளும் பழக்கம் பிறவியிலேயே உண்டு. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்ல மெல்லப் போகும். கழுத்து நின்று, பிடித்து உட்கார வைத்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, நாம் சாப்பிடும்போது வாயையே பார்க்க ஆரம்பித்தால் பிள்ளை தயார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஆறு மாதக் கணக்குக்கும் இந்த அறிகுறிகளுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். நான்காம் மாதத்திலேயே வீட்டில் யாராவது "கொஞ்சம் நாக்குல தொட்டு வச்சா என்ன" என்பார்கள். வேண்டாம்.

அந்த வாரமே ஒக்கி புயல் வந்தது.

நவம்பர் 30, வியாழக்கிழமை. விடியும்போது காற்று சத்தம் வேறு மாதிரி இருந்தது. எதிர்வீட்டு முருங்கை எங்கள் காம்பவுண்டுக்குள் கிடந்தது, கூடவே மின்கம்பியும். மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாததால் மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை, செல்போனில் டவர் இல்லை. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பி வராத நாட்கள் அவை. அந்தத் துக்கத்தின் முன்னால் என் ஃபிரிட்ஜில் உருகிய பழக்கூழ் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் வீட்டில் ஆறு மாதப் பிள்ளை இருந்தாள், அவளுக்குப் பசித்தது.

ஃப்ரீசரை முதல் நாள் திறக்கவே இல்லை. மறுநாள் சாயங்காலம் திறந்து பார்த்தால் இருபத்து நான்கு குழியும் இளகி, ஆப்பிள் எது பேரிக்காய் எது என்று தெரியாமல் ஒன்றோடொன்று கலந்திருந்தது. குளிர்ச்சியும் போய்விட்டது. அப்படி ஒருமுறை முழுக்க இளகிச் சூடேறியதை மறுபடி உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது. கிருமி பெருகியிருக்கும், உறைய வைத்தால் அது சாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று செய்ததையெல்லாம் செம்பருத்தி மூட்டில் கொட்டினேன்.

சமையற்கட்டில் ஒரு சீப்பு மட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மாமி கையைக் கழுவிவிட்டு ஒரு பழத்தை உரித்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த நாரை உருவி எடுத்தார். கிண்ணம் எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்று ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். தட்டில் பழத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தி இழுத்தார், அழுத்தி இழுத்தார். ஐந்தாறு இழுப்பில் பழம் பளபளவென்று பசையானது. கிண்ணத்தில் மசித்தால் கரண்டிக்கு அடியில் வழுக்கி ஓடிவிடும். தட்டையான இடத்தில் ஓட வழியில்லை. இவ்வளவுதான் சூட்சுமம். அதில் கொஞ்சம் தாய்ப்பாலைப் பீய்ச்சி விடச் சொன்னார். பழம் இளகியது, பிள்ளைக்குப் பழகிய மணமும் வந்தது. பூண்டுக்கு அழுதவள் இதற்கு வாயைத் திறந்து காத்திருந்தாள்.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர ஆறு நாளானது. ஆறு நாளும் கரண்டியும் தட்டும்தான். அதில் இரண்டு பயம் காட்டினாள்.

ஒன்று, மூன்றாம் நாள் ராத்திரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துணியை மாற்றும்போது பார்க்கிறேன், மலத்தில் கருப்புக் கருப்பாக மெல்லிய நூல்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. புழு என்றே முடிவுகட்டினேன். டாக்டரைக் கூப்பிட டவர் இல்லை. மாமி வந்து மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது நெளியுதா? இல்லல்லா? பழம் தின்னா இப்படித்தான் கெடக்கும்" என்று துணியைச் சுருட்டினார். பிறகு டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் நார் செரிக்காமல் கருத்து அப்படி வெளியே வருமாம், வாழைப்பழம் தின்னத் தொடங்கும் பிள்ளைகளிடம் சாதாரணமாம். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்று, சரியாக மசியாத ஒரு கட்டி தொண்டைப் பக்கம் போய் ஓங்கரித்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, "ஆக்" என்று சத்தத்தோடு முன்னால் தள்ளிவிட்டாள். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தாள். ஓங்கரிப்பது வேறு, அடைப்பது வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், இருமல் வரும், பிள்ளையே சரிசெய்துகொள்ளும். விரலை உள்ளே விட்டுத் தோண்டினால் வெளியே வரவேண்டியது உள்ளே போய்விடும். உண்மையில் அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. அழ முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையும் தாடையும் நம் கையில் இருக்கும்படி தலையைத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே, இன்னொருவரை 108க்குப் பேசச் சொல்ல வேண்டும். முதல் கரண்டி ஊட்டுவதற்கு முன்பே இதை ஒரு மருத்துவமனையில் நேரில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது. நான் கற்றுக்கொண்டது இரண்டாவது பிள்ளைக்குத்தான்.

ஏழாம் நாள் கரண்ட் வந்தது, எனக்குப் புத்தி போனது. புயலில் மாவட்டம் முழுக்க வாழைத் தோட்டங்கள் சாய்ந்து கிடந்தன. நல்ல மட்டி சந்தையில் கண்ணில் படுவதே அரிதானது. அதைச் சாக்காக வைத்து நான் மறுபடி ஆப்பிளுக்கும் மிக்ஸிக்கும் ஐஸ் ட்ரேக்கும் திரும்பிவிட்டேன். கட்டியில்லாத, திப்பியில்லாத, வழவழவென்ற கூழ். படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் பிள்ளைக்கு மலம் இறுகிவிட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போது ஐந்தாறு நாள் போகாமல் இருந்தாலும் இளக்கமாகப் போகும், அது வேறு. இது ஆட்டுப் புழுக்கை மாதிரி, முக்கி அழுதுகொண்டு. காலையில் வேகவைத்த ஆப்பிள், சாயங்காலம் கெட்டியான அரிசிக் கஞ்சி, இதுதான் தினமும் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டையும் கொஞ்ச நாளைக்குக் குறைக்கச் சொன்னார். பதிலுக்குப் பப்பாளி, பேரிக்காய், கூடவே சாப்பாட்டோடு இரண்டு மூன்று மடக்கு காய்ச்சி ஆறிய தண்ணீர். பேரிக்காயில் இயற்கையாகவே இருக்கும் சார்பிட்டால் என்ற பொருள் குடலில் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். மூன்றாம் நாள் சரியானது. ஆப்பிள் எல்லாப் பிள்ளைக்கும் கட்டும் என்று சொல்லமாட்டேன், ஒரே பழத்தையே தினம் கொடுத்ததுதான் என் தவறு.

பெரிய விலை கொடுத்தது அதற்குப் பிறகு. பத்தாம் மாதத்திலும் அவளுக்கு எல்லாவற்றையும் அரைத்தே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டால் வாந்தி. தயிர்ச்சோறு என்றால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். பிள்ளைகள் மெல்லப் பழகுவதற்கு என்று ஒரு பருவம் இருக்கிறது. எட்டு மாதத்துக்குள் கட்டிகளும் கையில் பிடித்துத் தின்னும் மெத்தென்ற துண்டுகளும் வந்துவிட வேண்டும். ஒன்பது பத்து மாதம் தாண்டியும் கூழிலேயே நிறுத்தினால் பின்னால் கெட்டி உணவுக்கு மல்லுக்கட்ட வேண்டிவரும். அவளுக்கு அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. கூழில் ஒரு கரண்டி மசித்தது, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு மசித்ததில் சின்னத் துண்டுகள். ஆறாம் மாதத்தில் ஆறு நாள் கட்டியோடு தின்ற பிள்ளை அவள். வழவழப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை, படம் எடுக்கிற எனக்குத்தான் வேண்டியிருந்தது.

இளையவன் 2024 பிப்ரவரியில் சாப்பிட ஆரம்பித்தான். பழத்துக்கு மிக்ஸியைத் தொடுவதில்லை என்று முடிவு. ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு எவர்சில்வர் சல்லடை, ஒரு துருவி. அவ்வளவுதான்.

மட்டியில் தொடங்கினோம், மாமிக்கு வாயெல்லாம் சிரிப்பு. பழம் நன்றாகக் கனிந்து தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். செங்காயாக இருந்தால் துவர்க்கும், வயிற்றையும் கட்டும். மூன்று நாள் அதே பழம், பிறகுதான் அடுத்தது. ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எதனால் என்று தெரிய வேண்டுமே. தடிப்பு, தொடர்ந்து வாந்தி, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது இதெல்லாம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் புதுப் பழத்தைக் காலையில்தான் கொடுப்பேன். ராத்திரி கொடுத்துவிட்டுத் தூங்கப் போவதில்லை.

அடுத்து ஏத்தம்பழம், வெளியூர்க்காரர்களுக்கு நேந்திரம். இதைப் பச்சையாகக் கொடுப்பதைவிட அவித்தால் நல்லது. இரண்டு முனையையும் நறுக்கி, தோலோடு இரண்டாக வெட்டி, ஆவியில் பன்னிரண்டு நிமிடம். தோல் வெடித்து விலகும். உரித்து நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கருப்பாக ஒரு விதை நரம்பு ஓடும். கத்தி முனையால் நெம்பினால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதை எடுக்காமல் கொடுத்தால் தொண்டையில் உறுத்தும். ஏத்தம்பழம் ஆறினால் களி மாதிரி இறுகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வெதுவெதுப்பாக இருக்கும்போதே தாய்ப்பாலோ காய்ச்சிய தண்ணீரோ விட்டு, கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியும் பதத்துக்கு இளக்கிக்கொள்ள வேண்டும்.

பப்பாளி எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் வேலையே இல்லை. நீளத்துண்டு ஒன்று வெட்டி, விதையை வழித்துவிட்டு, கரண்டியால் மேலாகச் சுரண்டினால் கூழாகவே வரும். தோல் பக்கம் பச்சை ஓடும் பகுதிவரை போகாதீர்கள், அங்கே பால் இருக்கும்.

சப்போட்டாவில்தான் கவனம் வேண்டும். விதை கருப்பாக, வழுவழுப்பாக, ஒரு முனையில் கொக்கி போல வளைந்திருக்கும். பிள்ளை தொண்டையில் போனால் மாட்டிக்கொள்ளும். விதையை எண்ணி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் மசிப்பேன், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்வரை பார்த்து எடுப்பேன். கனியாத சப்போட்டா வாயெல்லாம் பிசுபிசுக்கும். அதன் மணலான சதையைச் சில பிள்ளைகள் துப்பும். அப்போது சல்லடையில் தேய்த்துக்கொள்ளலாம்.

மாம்பழம் வந்தபோது அவனுக்கு எட்டு மாதம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. வெளியே ஒரே சீரான மஞ்சள், வெட்டினால் கொட்டைப் பக்கம் வெளுப்பும் புளிப்பும், மணமே இல்லை என்றால் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன். காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்க வைத்தோம். எந்தப் பழமானாலும் உரிப்பதற்கு முன்பு கழுவ வேண்டும், வாழைப்பழத்தைக்கூட. தோலைத் தொட்ட கைதானே சதையையும் தொடுகிறது.

ஆப்பிளையும் விடவில்லை. முன்னால் சொன்ன கிண்ண முறையில் வேகவைத்துக் கரண்டியால் மசித்துவிடுவேன். வேகவைக்காத ஆப்பிள் துண்டு பல் முளைத்த பிள்ளைக்கும் ஆபத்து. கொடுப்பதானால் மெலிதாகத் துருவித்தான். முழுத் திராட்சையும் அப்படியே. அளவும் வழுக்கலும் மூச்சுக்குழாயை அடைக்கத் தோதானவை, நீளவாக்கில் நான்காகப் பிளந்தால்தான் சரி. ஆரஞ்சு கொடுத்தால் வாயைச் சுற்றிச் சிவக்கும். பெரும்பாலும் அது புளிப்பு தோலில் பட்டதால் வருவது, துடைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, ஆனால் நாரும் வழுக்கலுமாக அது இந்த வயதுக்கு ஆகாது. மாமாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

மாமிக்கும் எனக்கும் ஒரே ஒரு சண்டை நடந்தது, அது தேனுக்காக. மார்த்தாண்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் நல்ல சுத்தமான தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். மசித்த பழத்தில் ஒரு சொட்டு விடலாம் என்றார் மாமி. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம்; நம் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தை குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசை தளர்ந்து, பால் இழுக்கும் பலமும் மூச்சு விடும் பலமும் குறையும். லேசாகச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாகாது. "உன் மாப்பிளைக்கு நான் நாக்குல தொட்டு வச்சுத்தான் வளத்தேன்" என்றார். வாதாடவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது மாமியையும் கூட்டிப்போய் டாக்டரையே சொல்லவைத்தேன். அன்றோடு தேன் பாட்டில் மேல் தட்டுக்குப் போனது. கருப்பட்டி, சீனி, உப்பு இவையும் ஒரு வயதுவரை வேண்டாம். பழத்திலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஜூஸ் டப்பாவும் அதே மேல் தட்டுக்குத்தான்.

பழம் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன், ஆனால் பழம் மட்டும் உணவாகாது. பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கும். தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான், பழத்திலும் கிட்டத்தட்ட கிடையாது. கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, முட்டை, மீன், ஈரல் இவைதான் அதற்கு. அசைவம் சாப்பிடும் வீடென்றால் தள்ளிப்போட வேண்டாம். முள் நீக்கிய மீனை ஏழாம் மாதத்திலேயே கொடுத்தோம். பழத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பருப்பிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்பு எளிதில் உடம்பில் சேராது. பப்பாளி மாதிரி வைட்டமின் சி உள்ள பழத்தைக் கூடவே கொடுத்தால் நன்றாகச் சேரும். எனவே காலையில் கஞ்சி, அது முடிந்ததும் நான்கு கரண்டி பப்பாளி என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காய்கறியோடு மட்டும் பழத்தைக் கலக்காதீர்கள். மூத்தவளுக்குக் கேரட்டிலும் பூசணியிலும் ஆப்பிளைக் கலந்து கலந்து கொடுத்து, ஆப்பிள் வாசனை இல்லாமல் அவள் காயே தொடாத ஒரு காலம் இருந்தது.

சேர்த்து வைப்பது பற்றி. வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றன்று மசிக்க நேரமிருக்காது, எனக்கும் பிறகு அந்த நிலை வந்தது. வேகவைத்த ஆப்பிள், பேரிக்காய், ஏத்தம்பழம் ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக இருக்கும், இரண்டாம் நாள் தாண்டவிடுவதில்லை. ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைத்திருக்கிறேன். மசித்த மட்டியும் சப்போட்டாவும் வைத்துக்கொள்ள லாயக்கில்லை, கருத்துப்போகும். ஊட்டும் அளவைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தைத் திரும்ப டப்பாவில் கொட்டினால் முழு டப்பாவும் கெட்டுவிடும். வெளியே வைத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் நானே தின்றுவிடுவேன், ஆறு மாதத்தில் மூன்று கிலோ ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். பஸ்ஸில் திருவனந்தபுரம் போகும்போது டப்பாவே வேண்டாம். பையில் நான்கு மட்டியும் ஒரு கரண்டியும் போதும், உறை பழத்தோடேயே வருகிறது.

எவ்வளவு ஊட்டுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி, எட்டாம் மாதத்தில் அரை டம்ளர் போலச் சாப்பாடு, அதில் பழம் ஒரு பகுதி. தாய்ப்பால் வழக்கம்போல. தலையைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வாயைத் திறக்க வைக்க இளையவனுக்குக் காக்கா காட்டியதில்லை, செல்போனும் காட்டியதில்லை. ஒரு பழத்தை முதல் தடவை துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. பப்பாளியை அவன் ஒன்பது தடவை துப்பினான். பத்தாம் தடவை என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினான்.

ஒன்பதாம் மாதத்தில் பழத்தை மசிப்பதையே விட்டுவிட்டோம். மட்டியை உரித்துப் பாதியாக ஒடித்து அவன் கையில் கொடுத்தால் முதலில் இறுக்கிப் பிடிப்பான். விரலிடுக்கு வழியாகப் பழம் பிதுங்கி வரும், அதை நக்குவான். மிச்சம் மாமியின் தலைமுடியில். அவனுக்குச் சப்போட்டா ஊட்டுவது அக்காவின் பொறுப்பு. ஏழு வயசுக்காரி தட்டில் விதைகளை வரிசையாக வைத்து, "அம்மா, ஒரு பழத்துக்கு மூணு வந்திருக்கு, சரியா?" என்று கேட்பாள். எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி என்பேன். அதன் பிறகுதான் ஊட்டுவாள்.